எண்ணிக்கையில் வராத எழுத்து

ஆரணியில் கமண்டல நாகநதியில் தண்ணீர் வருவது எல்லா ஆண்டும் நிகழ்வதன்று. வந்த ஆண்டொன்றில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், பச்சைத் துணியில் சுற்றிய ஒரு கட்டினை மதரஸாவுக்குக் கொண்டு வந்தனர். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்களாம். பரணில் இருந்த குர்ஆன் பிரதிகள் செல்லரித்துவிட்டனவாம். அவற்றை மரியாதையோடு ஆற்றுநீரில் விடுமுன் ஓர் ஆலிமின் கண்ணில் காட்டிவிடுவது நலமென்று வந்திருந்தனர்.

அவிழ்த்துப் பார்த்தோம். மூன்று ஏடுகள் இருந்தன. ஒன்றே முஸ்ஹபு. இரண்டாவது, தொழுகை நோன்பின் சட்டங்களைக் கூறும் அச்சுக் கித்தாபு. மூன்றாவது ஒரு கையெழுத்துப் படி. அதன் முற்பகுதியில் சில பைத்துகள் இருந்தன. பிற்பகுதியில் யாருக்கு எத்தனை வீசைப் பட்டு, எத்தனை மார்க் சரிகை கொடுக்கப்பட்டது என்னும் கணக்கு இருந்தது. ஓர் ஓரத்தில் பிள்ளைகளின் மாந்தத்திற்குக் கஷாயம் வைக்கும் முறை எழுதப்பட்டிருந்தது. எழுத்து முழுவதும் அரபு. மொழி முழுவதும் தமிழ்.

"எல்லாமே குர்ஆன் என்றுதானே ஹஜ்ரத் நினைத்திருந்தோம்! வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தா எடுத்து முத்தமிட்டு வைப்பார்களே!" என்றார் அக்குடும்பத்தின் மூத்தவர்.

கஷாயக் குறிப்பை முத்தமிட்டவர்களைக் கண்டு நகைப்பதற்காக இதனை எழுதவில்லை. அரபுத் தமிழ் என்னும் எழுத்து மரபுக்கு நேர்ந்திருப்பது யாது என்பதை அந்த ஒரு வாக்கியம் நமக்கு உணர்த்திவிட்டது. பகைவர் எரித்த ஏடுகளை வரலாறு பேசும். நாம் எரிக்கவில்லை, எறியவுமில்லை. துணியில் சுற்றி, உயரத்தில் வைத்து, முத்தமிட்டு, வாசிக்க மட்டும் மறந்துவிட்டோம்.

அழியும் மொழிகளைப் பற்றி இன்று உலகம் மிகுதியாகப் பேசுகிறது. ஐக்கிய நாடுகள் மன்றம் 2022 முதல் 2032 வரையுள்ள பத்தாண்டுகளைப் பழங்குடி மொழிகளின் பத்தாண்டாக அறிவித்துள்ளது. இத்தருணத்தில், ஒரு மொழி அழிவின் விளிம்பில் உள்ளதென எங்ஙனம் கண்டறிகிறார்கள், அந்த அளவுகோலில் நம் வீட்டுப் பரண் அகப்படுகிறதா என்று ஆராய்வது நம் கடமையாகிறது.

2003-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் சார்பில் கூடிய மொழியறிஞர்கள் ஒன்பது அளவைகளை வகுத்தனர். பெற்றோர் தம் மொழியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றனரா என்பது முதலாவது. பேசுவோரின் தொகை, மொத்த மக்களில் அவர்தம் விகிதம், எவ்வெவ் இடங்களில் அம்மொழி புழங்குகிறது, புதிய ஊடகங்களில் அதற்கு இடமுண்டா, கற்பதற்கும் படிப்பதற்கும் நூல்கள் உளவா, அரசின் போக்கு யாது, பேசுவோரின் மனப்பான்மை யாது, ஆவணங்கள் எவ்வளவு என்பன ஏனைய எட்டு. நேர்மையான அளவைகள்தாம். 2010 சனவரித் திங்களில் அந்தமானில் போவா சீனியர் என்னும் மூதாட்டி மறைந்தபோது, போ என்னும் மொழியைப் பேச உலகில் ஒருவரும் எஞ்சவில்லை. அத்தகைய முடிவு பிற மொழிகளுக்கு நேருமுன் எச்சரிப்பதற்கு இவ்வளவைகள் வேண்டும்.

நம் நாட்டின் சல்லடை வேறு வகையானது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழியென்று கூறிய பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கினர். மேலும் தொகுத்து, பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் மொழிகள் 121 என்று பட்டியலிட்டனர். அந்த வரம்புக்குக் கீழே நிற்கும் மொழிகளை ஆவணப்படுத்த, மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வாயிலாக 2013-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் கணேஷ் தேவி அவர்களின் தலைமையில் 2010-இல் தொடங்கிய மக்கள் மொழி ஆய்வோ 780 மொழிகளைக் கண்டதாகக் கூறியது. சல்லடையின் கண் மாறினால் தேறும் மணியும் மாறும் என்பதற்கு இத்தொகைகளே சான்று.

இவற்றுள் எந்தச் சல்லடையில் இட்டாலும் அரபுத் தமிழ் அகப்படாது. ஏனெனில் அதனைப் பேசுவோர் என்று எவரும் இலர். அதனை வாசிப்போர்தாம் உளர். அது தமிழ். தமிழோ 2011 கணக்கின்படி இந்தியாவில் மட்டும் 6 கோடியே 90 இலட்சம் பேரின் தாய்மொழி. அதற்கு என்ன கேடு வந்துவிடும்? பெருமரம் பசுமையாக நிற்பதால், அதன் ஒரு கிளை பட்டுப்போவதை எவரும் நோக்குவதில்லை.

இவ்விடத்தில் நம்மவருள் சிலர் ஒரு மாற்று வழி கண்டனர். அரபுத் தமிழை 'அர்வி' என்னும் பெயரால் ஒரு தனிமொழியாகவே நிறுவிவிட்டால், அழியும் மொழிகளின் வரிசையில் அதற்கும் ஓர் இடம் கிடைக்கும் என்பது அவர்தம் எண்ணம். அன்பினால் விளைந்த எண்ணமே. ஆயினும் அதனை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு மொழி எதுவென அறிய அதன் பெயர்ச்சொற்களை நோக்கலாகாது. வினைமுற்றையும் வேற்றுமை உருபையும் நோக்க வேண்டும். 'ஒளுச் செய்து கிப்லாவை முன்னோக்கி நின்று நிய்யத்து வைத்தான்' என்னும் வாக்கியத்தில் அரபுச் சொற்கள் மூன்று. ஆனால் அவற்றைக் கோத்து நிற்கும் 'செய்து', 'ஐ', 'நின்று', 'வைத்தான்' என்பன அத்தனையும் தமிழ். வடசொல் கலந்த மணிப்பிரவாள உரையைத் தமிழ் வரலாற்றில் வைத்துப் பேசுவோர், அரபுச்சொல் கலந்த இவ்வுரையை மட்டும் புறத்தே நிறுத்துவது முறையன்று. நாமே வெளியே போய் நின்றுகொள்வது அதனினும் முறையன்று. தனிமொழி என்ற பட்டம் தமிழறிஞருக்கு 'இது எங்களுடையதன்று' என்னும் எளிய விடையைக் கொடுக்கிறது. நம் பிள்ளைகளுக்கோ 'இது தெரியாத பாஷை' என்னும் சாக்கைக் கொடுக்கிறது.

இதனாற் பெரியோர் செய்த தொண்டினை நாம் குறைத்து மதிப்பதாகக் கொள்ளலாகாது. கீழக்கரை தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் தமிழகத்திலும் ஸரந்தீபிலும் வழங்கிய அரபு, அர்வி, பார்ஸி எழுத்துச் செல்வங்களைப் பற்றி 1993-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூல், இத்துறையில் புகுவோர் ஒதுக்கவியலாத ஒன்று. இலங்கை ம. மு. உவைஸ் அவர்களும் பீ. மு. அஜ்மல்கான் அவர்களும் இணைந்தெழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இவர்கள் இல்லையெனில் நூற்பெயர்கள்கூட நமக்கு எஞ்சியிரா. நாம் சொல்ல வருவது, நூற்பெயர் எஞ்சுவது வேறு, வாசிப்போர் எஞ்சுவது வேறு என்பதே.

அரபுத் தமிழில் என்னதான் இருக்கிறது என்று கேட்பார்க்கு உண்மையையே சொல்ல வேண்டும். அதன் பெரும்பகுதி உயர்ந்த இலக்கியமன்று. சீறாப்புராணத்தின் சொல்வளத்தை அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தொழுகைச் சட்டம், துஆத் தொகுப்பு, மார்க்க வினாவிடை, நபிமார் வரலாறு ஆகியவையே மிகுதி. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள், 1898-இல் மறைந்த அம்மகான், அரபுத் தமிழில் வழங்கிய சட்ட நூல்கள் வீடுதோறும் ஓதப்பட்டன. அதே ஊரின் செய்யிது ஆசியா உம்மா அவர்களைப் போன்ற பெண் ஞானியர் பாடவும் செய்தனர். நம் இலக்கிய வரலாறுகள் காப்பியங்களை நடுவில் வைத்து, இவ்வுரைநடையைப் பின்னிணைப்பில் வைக்கின்றன. புலவர் அவையில் அரங்கேறிய தமிழ் காப்பியத்தில் இருக்கிறது. அடுக்களைக்கு அருகே அமர்ந்து ஒருத்தி படிக்க, மற்றப் பெண்கள் கேட்டு விளங்கிக்கொண்ட தமிழ் இக்கித்தாபுகளில் இருக்கிறது. இரண்டாவது வகைத் தமிழுக்கு நம்மிடம் வேறு சான்றுகள் மிகக் குறைவு.

நம் பாட்டியாரை ஊரார் எழுத்தறியாதவர் என்றே கூறினர். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க அவருக்குத் தெரியாது. கையெழுத்திட வேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பார். ஆனால் இஷாவுக்குப் பின் அண்டை வீட்டுப் பெண்கள் வந்து அமர, விளக்கைத் தூண்டிவைத்து அரபுத் தமிழ்க் கித்தாபை அவர் தடையின்றி வாசிப்பார். குர்ஆன் ஓதக் கற்ற பெண்ணுக்கு, அவ்வெழுத்தைக் கொண்டே தன் தாய்மொழியைப் படிக்கும் ஆற்றலும் கிட்டிற்று. பள்ளிக்கூடத்தின் வாசலை மிதியாத ஒருத்தி வாசகியானாள். அவளை எழுத்தறியாதவளென்று எண்ணிய கணக்கும், அரபுத் தமிழ் இல்லையென்று விட்ட கணக்கும் நமக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.

எழுத்தின் நுட்பத்தையும் சற்றே நோக்குவோம். அரபியின் 28 எழுத்துகளில் தமிழின் ப, ட, ண, ள, ழ, ற, ங, ஞ முதலிய ஒலிகளுக்கு இடமில்லை. எகர ஒகரங்களுக்குக் குறியுமில்லை. நம் முன்னோர் இருக்கும் எழுத்துகளுக்குப் புள்ளிகளைக் கூட்டியும் குறிகளைத் திருப்பியும் இக்குறையை நிரப்பினர். அதனோடு நில்லாது, தமிழ் எழுத்து காட்டாத ஒன்றையும் காட்டினர். 'கடல்' என்பதன் ககரமும் 'தங்கம்' என்பதன் ககரமும் ஒலியால் வேறு. தமிழில் எழுத்து ஒன்றே. அரபுத் தமிழில் பின்னதற்கெனக் காஃபின் கீழே புள்ளியிட்ட தனியெழுத்து உண்டு. நூறாண்டுகட்கு முன் ஒரு சொல்லை எங்ஙனம் ஒலித்தனர் என்று ஆராயும் மொழிநூலாருக்கு இத்தகைய ஏடு பொற்கட்டியன்றோ!

மறுபுறம், அரபுச் சொற்களைத் தமிழெழுத்தில் பெயர்க்கும்போது நேர்வதைப் பாருங்கள். பெரிய காஃபில் தொடங்கும் 'கல்ப்' இதயம். சின்னக் காஃபில் தொடங்கும் 'கல்ப்' நாய். ஐனில் தொடங்கும் 'அலீம்' எல்லாம் அறிந்தவன் என்னும் இறைப்பண்பு. அலிஃபில் தொடங்கும் 'அலீம்' நோவினை தருவது. தமிழெழுத்தில் நான்கும் இரண்டாகிவிடுகின்றன. பழைய கித்தாபுகளைத் தமிழெழுத்தில் மாற்றி அச்சிட்ட பதிப்புகள் சில நம் கைக்கு வந்துள்ளன. வாசகர் எண்ணிக்கையை அவை பெருக்கின என்பது மெய். ஆயினும் மூலத்தின் வேற்றுமைகளைக் காட்ட ஒரு குறியேனும் இடாமல், மூலப்பக்கம் ஒன்றைக்கூட உடன் வைக்காமல், 'எளிமைப்படுத்தினோம்' என்று முன்னுரையில் பெருமை கொள்வதை நாம் பதிப்பு என்று ஒப்புவதற்கில்லை.

வேறு வழியில்லையா என்பீராயின், நம் ஊரின் தறித்தெருவிலேயே வழி இருக்கிறது. தமிழக நெசவாளருள் ஒரு பெரும் பிரிவினரான சௌராட்டிரருக்கு வீட்டுமொழி வேறு. 2011 கணக்கில் அதனைத் தாய்மொழியென்று கூறியோர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம். நம் நிலைக்கு நேர்மாறான நிலை அவர்களுடையது. அவர்களுக்கு மொழி நாவில் இருக்கிறது, எழுத்துத்தான் கையைவிட்டு நழுவிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டி. எம். இராமராய் என்னும் அறிஞர் சௌராட்டிர எழுத்தைச் சீராக்கிப் பாடநூல்கள் அச்சிட்டார். ஆயினும் பலரும் தமிழெழுத்திலேயே எழுதினர். அங்ஙனம் எழுதும்போது தம் ஒலிகளை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ககரத்தின் தலையில் 2, 3, 4 என்று சிறிய இலக்கங்களை இட்டு ஒலி வேற்றுமையைக் காத்தனர். பெரிய காஃபுக்கு ஓர் இலக்கம் இட நமக்கு எவர் தடை செய்தார்?

சரிவு எங்கிருந்து தொடங்கிற்று? எவரையும் குற்றவாளியாக்க நாம் விரும்பவில்லை. தமிழ் அச்சகங்கள் பெருகின. பெண்மக்கள் பள்ளிக்கூடம் சென்றனர். குர்ஆனுக்கு அப்துல் ஹமீது பாகவி அவர்கள் போன்றோரின் தமிழாக்கங்கள் தமிழெழுத்தில் கிடைத்தன. இவை அனைத்தும் நற்பேறுகளே. வடார்க்காட்டுப் பகுதியில் மார்க்கக் கல்வியின் மொழியாக உருது நெடுங்காலம் விளங்கிற்று. அதுவும் ஒரு செல்வமே. ஒன்றைப் பெறும்போது மற்றொன்றைக் கைவிட்டே தீர வேண்டும் என்று மட்டும் எவரும் கட்டளையிடவில்லை. அதனை நாமே செய்தோம்.

'நாமே' என்பது ஈண்டு வெறும் நடையழகன்று. ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், மக்தபின் பாடத்திட்டம் பற்றிப் பெரியவர்கள் கூடிப் பேசினர். அரபுத் தமிழை வாரம் ஒரு வேளையாவது வைத்துக்கொள்வோம் என்றார் முதிய உஸ்தாது ஒருவர். "ஒரே மொழியைப் பிள்ளைகள் இரண்டு எழுத்தில் படிப்பானேன்?" என்று வாதிட்டு வென்றவர் நாமே. அன்று அவ்வாதம் நமக்கு மிகுந்த அறிவுடைமையாகத் தோன்றிற்று. அந்த உஸ்தாது மறுமொழி கூறவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. பச்சைத் துணிக்கட்டு வந்த அன்று, அதிலுள்ள கணக்கைப் படித்துக் காட்ட மதரஸாவின் மாணவர் ஒருவராலும் இயலவில்லை. அவர்கள் எல்லோரும் நம் மாணவர்கள்.

உலக வரலாற்றிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. துருக்கியில் 1928-இல் எழுத்து மாற்றப்பட்டது. அடுத்த தலைமுறையினர் தம் பாட்டனாரின் கடிதத்தையும் கல்லறையின் எழுத்தையும் படிக்கவியலாதவராயினர். ஸ்பெயின் நாட்டில் முஸ்லிம்கள் தம் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். 1609-இல் தொடங்கி அவர்கள் நாடுகடத்தப்பட்டனர். 1884-இல் அல்மொனாசித் என்னும் சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளத்தின் அடியில் ஒளித்துவைத்த ஏடுகள் வெளிப்பட்டன. அங்கும் வீடு இடிக்கும்போதுதான் ஏடு கிடைத்தது, இங்கும் அவ்வாறே. அவர்கள் அச்சத்தால் ஒளித்தனர். நமக்கு எந்த அச்சமும் இருந்ததில்லை. அண்டையிலுள்ள கேரளத்திலோ அரபு மலையாளத்தை மதரஸாப் பாடநூல்களில் வைத்துக் காத்தனர். 1607-இல் இயற்றப்பட்ட முஹ்யித்தீன் மாலை அங்கு ஒரு பாட்டாகவே வாழ்கிறது. எழுத்தைக் காத்தது அருங்காட்சியகமன்று, பாடவேளையே என்பது அங்கிருந்து நாம் கற்கத்தக்கது.

இன்று காப்புமுறை என்றாலே நிழற்படம் எடுத்துக் கணினியில் ஏற்றுவது என்றாகிவிட்டது. அது வேண்டாவென்று கூறோம். செல்லுக்குமுன் அது முந்திக்கொள்வது நல்லதே. கணினி எழுத்துகளின் உலகப் பொதுத் தரமாகிய யூனிக்கோடில் சௌராட்டிர எழுத்து 2008-இலும், அரபுத் தமிழுக்குரிய சில தனியெழுத்துகள் 2015-இலும் சேர்க்கப்பட்டன. காஃபின் கீழ்ப்புள்ளிக்கு இன்று கணினியில் இடமுண்டு. அதனை இடுவதற்கு ஒரு விரல்தான் இல்லை. வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத படத்தொகுப்பு, பச்சைத் துணியைக் கண்ணாடித்திரையாக மாற்றியதேயன்றி வேறில்லை.

பட்டுத்தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில் நெசவாளர் அதனை அடியோடு உருவிவிடுவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்த பழைய இழைகளின் நுனியை விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைப்பர். பழைய நுனி இருக்குமட்டும் அது சில நாள் வேலை. நுனி கழன்றுவிட்டாலோ, ஆயிரக்கணக்கான இழைகளை மீண்டும் விழுதின் கண்தோறும் கோக்க வேண்டும். நம் ஊர்களில் அரபுத் தமிழ் வாசிக்கும் முதியோர் சிலர் இன்னும் உளர். அந்த நுனி இன்னும் கழலவில்லை.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைக்கு அரபுத் தமிழ் புதிய எழுத்தன்று. கூடுதலான சில எழுத்துகளையும் குறிகளையும் கற்றால் போதும். விடுமுறையில் சில மாலைகளை அதற்கு ஒதுக்கலாம். முதிய பெண்டிர் கித்தாபு வாசிப்பதைக் கைப்பேசியிலேனும் ஒலிப்பதிவு செய்யலாம். இனிப் பதிப்பிப்போர் மூலப்பக்கமும் தமிழெழுத்துப் பெயர்ப்பும் எதிரெதிரே அமையப் பதிப்பிக்கட்டும். வேறுபட்ட ஒலிகளுக்கு இலக்கம் இடட்டும். எந்தக் கட்டையும் ஒருவரேனும் முழுதும் படித்துப் பார்க்குமுன் நீரில் விடாதிருக்கட்டும். தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் இதனை இஸ்லாமியர்தம் சமயப்பொருளென்று ஒதுக்காமல், தமிழின் ஓர் எழுத்து மரபென்று ஏற்கட்டும். மொழிகளை எண்ணுவோருக்கு நாம் சொல்வதும் ஒன்றுண்டு: ஒரு மொழியைப் பேசுவோர் எத்தனை பேர் என்று கேட்கும்போது, அதன் பழைய எழுத்தை வாசிப்போர் எத்தனை பேர் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அன்று முஸ்ஹபை மட்டும் முறைப்படி ஆற்றில் விட்டனர். மற்ற இரண்டு ஏடுகளும் நம் மேசையில் இருக்கின்றன. பட்டுக்கணக்கின் பக்கங்களை அக்குடும்பத்தின் பேத்தி, பத்தாம் வகுப்பு மாணவி, அஸருக்குப் பின் வந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ழகரத்திற்கும் ளகரத்திற்கும் உரிய எழுத்துகளில் இன்னும் தடுமாறுகிறாள். கஷாயக் குறிப்பில் ஒரு மருந்தின் பெயரை நாமும் அவளும் இதுவரை படித்து முடிக்க இயலவில்லை. தெரிந்தவர் எவரேனும் இருப்பின் ஆரணிக்கு வந்து படித்துத் தருமாறு வேண்டுகிறோம்.